சேர்வராயன் மலைப் பாக்சைட்டின் தரமறிதலில் கதிரியல் நுட்பங்கள்: தனிமமும் கனிமமும்

ஆய்வுச் சுருக்கம்

சுரங்கத்திலிருந்து வெட்டியெடுக்கப்படும் தாதுவின் தரத்தை அறிய எக்ஸ் கதிர், காமாக்கதிர், நியூட்ரான் ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்ட நுட்பங்கள் பயன்படுகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை தாதுவில் உள்ள தனிமங்களின் அளவையே காட்டுகின்றன. ஆனால் பாக்சைட்டின் பயன்மதிப்பு, அலுமினியம் எவ்வளவு உள்ளது என்பதோடு, அது எந்தக் கனிமத்தில் பிணைந்துள்ளது என்பதையும் பொறுத்தது. ஏற்காட்டை உள்ளடக்கிய சேர்வராயன் மலையின் பாக்சைட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஒவ்வொரு நுட்பமும் எதனைக் காண்கிறது, எதனைக் காணத் தவறுகிறது, எவற்றை இணைத்தால் சரியான முடிவு கிட்டும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சேர்வராயன் மலை, ஏற்காடு, பாக்சைட், கிப்சைட், கயோலினைட், எக்ஸ் கதிர் ஒளிர்வு, நியூட்ரான் கிளர்வுப் பகுப்பாய்வு, வினைபடு சிலிக்கா.

முன்னுரை

கல்லைக் கையிலெடுத்து, நிறத்தையும் எடையையும் கொண்டு தரம் சொல்வது சுரங்கத் தொழிலின் பழைய வழக்கம். வேதிப் பகுப்பாய்வு வளர்ந்தபின் ஆய்வகத்தின் சொல்லே முடிவானது. எனினும் ஆய்வக முடிவு கைக்கு வருவதற்குள் சுரங்கத்தில் அடுத்த அடுக்கு வெட்டப்பட்டுவிடும். வெட்டும் இடத்திலேயே, வெட்டும் வேகத்திலேயே தரம் அறிய வேண்டும் என்னும் தேவைதான் கதிரியல் நுட்பங்களைச் சுரங்கத்திற்கு அழைத்து வந்தது. அந்நுட்பங்கள் தரும் எண்ணைத் தாதுவின் தரமாகவே கொள்ளலாமா என்பது இக்கட்டுரையின் மையக் கேள்வி.

சேர்வராயன் மலையும் அதன் பாக்சைட்டும்

சேலத்திற்கு வடகிழக்கே எழும் சேர்வராயன் மலை பெரும்பாலும் சார்னோகைட் பாறையால் ஆனது. சென்னையை அடுத்த பல்லாவரம் பகுதியின் பாறைகளை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து, கொல்கத்தாவில் ஜோப் சார்னோக் என்பவரின் கல்லறைக்குப் பயன்பட்ட கல்லை முன்னிட்டு இப்பாறைக்கு அப்பெயரைச் சூட்டினார். குவார்ட்சு, பெல்ட்சுபார், ஹைப்பர்சுதீன் ஆகியவை இதன் முதன்மைக் கனிமங்கள்.

மலையின் உச்சிச் சமதளங்களில் மழைநீர் நெடுங்காலம் ஊறி இறங்கியதால் இப்பாறை சிதைவுற்றது. பொட்டாசியம், சோடியம், கால்சியம் ஆகியவை முதலில் கரைந்து வெளியேறின. பின்னர் சிலிக்காவும் படிப்படியாக நீங்கியது. எளிதில் கரையாத அலுமினியமும் இரும்பும் டைட்டானியமும் எஞ்சின. இவ்வாறு உருவான பாக்சைட் சமதளங்களின் மேல் ஒரு தொப்பிபோல் அமைந்துள்ளது. அதன் அடியில், சிலிக்கா முழுமையாக நீங்காத வெண்களிமண் அடுக்கும், அதற்கும் கீழே சிதையாத சார்னோகைட்டும் உள்ளன.

மேட்டூரில் 1965இல் உற்பத்தியைத் தொடங்கிய மெட்ராஸ் அலுமினியம் நிறுவனம் தனக்குத் தேவையான பாக்சைட்டை ஏற்காடு, கொல்லிமலை ஆகிய இடங்களிலிருந்து பெற்றது. 2008இல் அதன் உருக்காலை மூடப்பட்டது.

பாக்சைட்டுக்கும் களிமண்ணுக்கும் இடையே கத்தியால் கீறியது போன்ற எல்லை இல்லை. ஒன்று மற்றொன்றாக மெல்ல மாறுகிறது. பாக்சைட்டுக்குள்ளேயே களிமண் திட்டுகளும் இருக்கும். இரும்பின் செந்நிறம் இரண்டையும் ஒன்றுபோல் காட்டுவதால் கண்பார்வை இங்கு உதவாது. எல்லையைத் தவறாகக் கணித்தால் இரு வகையான இழப்பு நேரும். களிமண் தாதுவென மலையிலிருந்து இறக்கப்படும். அல்லது நல்ல தாது கழிவெனக் கொட்டப்பட்டு, அதனை ஈடுசெய்ய மலையின் மற்றொரு பகுதி வெட்டப்படும். மழைநீரை உறிஞ்சி ஊற்றுகளுக்கு வழங்கும் நுண்துளை மிக்க மேலடுக்கே இங்குத் தாதுவாகவும் இருக்கிறது. மலையாளி பழங்குடி மக்களின் ஊர்களும் காப்பித் தோட்டங்களும் உள்ள ஒரு மலையில், தரமறிதலில் நேரும் பிழை கணக்கேட்டோடு முடிந்துவிடுவதில்லை.

தரம் என்பதன் பொருள்

பாக்சைட்டிலிருந்து அலுமினாவைப் பிரிக்கப் பேயர் முறை பயன்படுகிறது. சூடான எரிசோடாக் கரைசலில் கிப்சைட் ஏறக்குறைய 140 முதல் 150 பாகை செல்சியசு வெப்பநிலையில் கரைகிறது. தென்னிந்திய உயர்மலைப் பாக்சைட்டுகளில் பெரும்பான்மையாக இருப்பது இக்கனிமமே. தூய கிப்சைட்டில் 65.4 விழுக்காடு அலுமினாவும் 34.6 விழுக்காடு பிணைநீரும் உள்ளன.

களிமண் கனிமமான கயோலினைட்டிலும் 39.5 விழுக்காடு அலுமினா உண்டு. அதனுடன் 46.5 விழுக்காடு சிலிக்காவும் உண்டு. இச்சிலிக்கா எரிசோடாவில் கரைந்து, சோடியத்தையும் அலுமினாவையும் தன்னுடன் பிணைத்துக்கொண்டு மீண்டும் திண்மமாகப் படிந்து, செஞ்சேற்றோடு வெளியேறிவிடும். இதுவே வினைபடு சிலிக்கா எனப்படுகிறது. இத்தகைய சிலிக்கா ஒரு கிலோகிராம் இருந்தால் அதை ஒட்டிய அளவு எரிசோடா வீணாகும். ஆனால் குவார்ட்சு வடிவிலுள்ள சிலிக்கா இவ்வெப்பநிலையில் பெரும்பாலும் வினைபுரிவதில்லை.

இவ்வேறுபாட்டை மூன்று கற்பனை மாதிரிகளைக் கொண்டு விளக்கலாம். மூன்றிலும் எஞ்சிய பகுதி இரும்பு, டைட்டானிய ஆக்சைடுகள் எனக் கொள்வோம்.

முதல் மாதிரி: 70 விழுக்காடு கிப்சைட். அலுமினா 45.8 விழுக்காடு, சிலிக்கா இல்லை.

இரண்டாம் மாதிரி: 58 விழுக்காடு கிப்சைட், 20 விழுக்காடு கயோலினைட். அலுமினா 37.9, 7.9 இரண்டும் சேர்ந்து அதே 45.8 விழுக்காடு; சிலிக்கா 9.3 விழுக்காடு.

மூன்றாம் மாதிரி: 70 விழுக்காடு கிப்சைட், 9.3 விழுக்காடு குவார்ட்சு. அலுமினா 45.8 விழுக்காடு; சிலிக்கா 9.3 விழுக்காடு.

அலுமினியத்தை மட்டும் அளக்கும் கருவிக்கு இம்மூன்றும் ஒன்றே. அலுமினியத்தையும் சிலிக்கானையும் அளக்கும் கருவி முதல் மாதிரியைப் பிரித்தறியும். ஆயினும் இரண்டாவதையும் மூன்றாவதையும் பிரித்தறியாது. ஆலையிலோ, முதலாவதும் மூன்றாவதும் ஒரு டன்னுக்கு 458 கிலோகிராம் அலுமினாவைத் தரவல்லவை. இரண்டாவது 379 கிலோகிராமுக்கு மேல் தராது. அதோடு 93 கிலோகிராம் வினைபடு சிலிக்காவுக்குரிய எரிசோடாவையும் விழுங்கும். கீழ்வரும் நுட்பங்களை மதிப்பிட இம்மூன்று மாதிரிகளே அளவுகோலாகும்.

எக்ஸ் கதிர் ஒளிர்வு

ஒரு பொருளின் மீது எக்ஸ் கதிரைச் செலுத்தினால் அதிலுள்ள அணுக்களின் உள்வட்ட எலக்ட்ரான்கள் வெளியேறும். அவ்விடத்தை வெளிவட்ட எலக்ட்ரான்கள் நிரப்பும்போது, ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றல் கொண்ட எக்ஸ் கதிரை உமிழும். அணு எண்ணுக்கும் இந்த ஆற்றலுக்கும் உள்ள தொடர்பை 1913இல் மோசுலி நிறுவினார். இரும்பின் கதிர் 6.40 கிலோ எலக்ட்ரான் வோல்ட், டைட்டானியத்தினுடையது 4.51, சிலிக்கானுடையது 1.74, அலுமினியத்தினுடையது 1.49.

கையடக்கக் கருவியின் வலிமையும் வரம்பும் இந்த எண்களிலேயே அடங்கியுள்ளன. இரும்பின் கதிர் காற்றை எளிதில் கடந்து கருவியை அடையும். அலுமினியத்தின் கதிரிலோ ஏறக்குறைய முக்கால் பங்கை ஒரு சென்டிமீட்டர் காற்றே உறிஞ்சிவிடும். ஆகவே ஹீலியம் அல்லது வெற்றிடச் சூழல் தேவைப்படுகிறது. சேலத்து மேக்னசைட் தாதுவிலுள்ள மெக்னீசியத்தின் கதிர் 1.25 கிலோ எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே ஆதலால் அங்கு இச்சிக்கல் இன்னும் கடுமையாகும்.

மற்றொரு வரம்பு ஆழம் பற்றியது. அலுமினியத்தின் எக்ஸ் கதிர் தாதுவின் மேற்பரப்பில் சில மைக்ரோமீட்டர் ஆழத்திலிருந்தே வெளிவர முடியும். கல்லின் மேல் படிந்த செம்மண் பூச்சே கல்லின் தரத்தை மறைத்துவிடும். இதனால் ஆய்வகங்களில் மாதிரியை நன்கு அரைத்து, லித்தியம் போரேட்டுடன் உருக்கிக் கண்ணாடி வில்லையாக்கி அளக்கின்றனர். அப்போது முடிவு துல்லியமாக இருக்கும். ஆயினும் பத்து டன் பாரத்திற்கு ஒரு கிராம் மாதிரி என்றால், அது ஒரு கோடியில் ஒரு பங்கு. அந்த ஒரு கிராம் முழுப் பாரத்தையும் சரியாகப் பிரதிநிதித்துவம் செய்கிறதா என்பதை எக்ஸ் கதிர் சொல்ல இயலாது; மாதிரி எடுக்கும் முறையே அதற்குப் பொறுப்பு.

நியூட்ரான் கிளர்வுப் பகுப்பாய்வு

பெரும் பாரத்தின் உட்புறத்தை அறிய ஊடுருவும் திறன் மிக்க நியூட்ரான்கள் ஏற்றவை. 1934இல் ஐரீன் கியூரியும் பிரெடரிக் ஜோலியோவும் செயற்கைக் கதிரியக்கத்தைக் கண்டறிந்தபோது ஆல்பாத் துகள்களால் தாக்கப்பட்ட பொருள்களுள் அலுமினியமும் ஒன்று. 1936இல் ஹெவெசியும் ஹில்டே லெவியும் நியூட்ரான்களால் தனிமங்களைக் கிளர்த்தி அளவிடும் முறையைத் தொடங்கி வைத்தனர்.

இயற்கை அலுமினியம் முழுவதும் அலுமினியம்-27 என்னும் ஒரே ஐசோடோப்பு. வேகம் குறைந்த நியூட்ரானைக் கவர்ந்து அது அலுமினியம்-28 ஆகிறது. 2.24 நிமிட அரை ஆயுட்காலம் கொண்ட இது 1.779 மெகா எலக்ட்ரான் வோல்ட் காமாக்கதிரை உமிழ்கிறது. சில நிமிடங்கள் நியூட்ரானுக்கு உட்படுத்தி, சில நிமிடங்கள் எண்ணினால் அலுமினியத்தின் அளவு கிடைத்துவிடும். பாக்சைட்டுக்கென்றே அமைந்த முறைபோல் இது தோன்றும்.

சிக்கல் சிலிக்கானிடம் உள்ளது. இயற்கைச் சிலிக்கானில் 92 விழுக்காட்டுக்கு மேல் சிலிக்கான்-28 ஆகும். ஏறக்குறைய 4 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட விரைவு நியூட்ரான் அதன்மீது மோதினால், ஒரு புரோட்டான் வெளியேறி, எஞ்சுவதும் அதே அலுமினியம்-28. அரை ஆயுட்காலமும் ஒன்று, காமாக்கதிரும் ஒன்று. எத்துணை நுண்ணிய உணரியாலும் இவ்விரண்டையும் பிரிக்க இயலாது. மேற்கண்ட இரண்டாம் மாதிரியை விரைவு நியூட்ரான்கள் கலந்த மூலத்தால் அளந்தால், களிமண்ணின் சிலிக்கானும் அலுமினியமாக எண்ணப்பட்டு, அது முதல் மாதிரியைவிட உயர்ந்த தரமுடையதாகத் தோன்றும். தவிர்க்க வேண்டிய பொருளே தரத்தை உயர்த்திக் காட்டுகிறது என்பதே இங்குள்ள ஆபத்து.

இதற்குத் தீர்வுகள் உண்டு. முதலாவது, மூலத்தைத் தேர்ந்தெடுத்தல். அமெரிசியம்-பெரிலியம் மூலத்தின் நியூட்ரான்கள் சராசரியாக 4 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் சற்று மேற்பட்ட ஆற்றல் கொண்டவை. கலிபோர்னியம்-252இன் நியூட்ரான்களுக்கு அச்சராசரி ஏறக்குறைய 2.1 மட்டுமே, ஆகவே சிலிக்கானின் குறுக்கீடு குறையும். இரண்டாவது, நீர் அல்லது பாலித்தீன் கொண்டு நியூட்ரான்களின் வேகத்தைத் தணித்தல். மூன்றாவது, இருமுறை அளத்தல். மாதிரியை முதலில் திறந்த நிலையிலும், பின்னர்க் காட்மியத் தகட்டால் மூடியும் நியூட்ரானுக்கு உட்படுத்த வேண்டும். காட்மியம் வேகம் தணிந்த நியூட்ரான்களை உறிஞ்சிவிடுவதால், இரண்டாம் அளவீடு பெரும்பாலும் சிலிக்கானைக் குறிக்கும். இரண்டிற்கும் உள்ள வேறுபாடு அலுமினியத்தைக் குறிக்கும். குறையாகத் தோன்றிய குறுக்கீடே இம்முறையில் சிலிக்கானை அறியும் வழியாக மாறுகிறது.

பாறையில் இயல்பாக உள்ள யுரேனியத் தொடரின் பிசுமத்-214 உமிழும் 1.765 மெகா எலக்ட்ரான் வோல்ட் காமாக்கதிரும் அலுமினியம்-28இன் கதிரை ஒட்டியே அமைந்துள்ளது. எனவே நியூட்ரானுக்கு உட்படுத்தும் முன்னரே பின்புல அளவீட்டை எடுத்துக் கழித்தல் இன்றியமையாதது.

உடனடிக் காமாக்கதிர்

நியூட்ரானைக் கவர்ந்த கணத்திலேயே அணுக்கரு வெளியிடும் காமாக்கதிரை அளப்பது மற்றொரு வழி. ஓடும் வார்ப்பட்டையின் மேல் செல்லும் தாதுவை நிறுத்தாமல் அளக்க இது ஏற்றது. சிமெண்டுத் தொழிலில் சுண்ணாம்புக்கல்லை அளக்க இம்முறை கையாளப்படுகிறது. சிலிக்கான் 4.93, 3.54 மெகா எலக்ட்ரான் வோல்ட் கதிர்களால் இங்கு அலுமினியத்திலிருந்து தெளிவாகப் பிரிகிறது.

ஆனால் அலுமினியத்தின் 7.72 மெகா எலக்ட்ரான் வோல்ட் கதிருக்கு மிக அருகில், 7.63, 7.65 ஆகிய ஆற்றல்களில், இரும்பின் கதிர்கள் அமைந்துள்ளன. நியூட்ரானைக் கவரும் திறனில் இரும்பு அணு அலுமினிய அணுவைவிட ஏறக்குறைய பதினொரு மடங்கு வலியது. செம்பாறை இயல்புடைய மலைப் பாக்சைட்டில் இரும்பின் ஒளி அலுமினியத்தின் ஒளியை மூழ்கடித்துவிடும். சோடியம் அயோடைடு உணரியால் இவ்வரிகளைப் பிரிக்க இயலாது. குளிரூட்டப்பட்ட தூய ஜெர்மானிய உணரி பிரிக்கும், ஆனால் அதனைச் சுரங்கத்தின் புழுதியிலும் அதிர்விலும் பேணுவது எளிதன்று. சுண்ணாம்புக்கல்லுக்கு ஒத்துவந்த கருவி பாக்சைட்டுக்கும் அப்படியே ஒத்துவரும் எனக் கருதுவது பிழையாகும்.

ஈரமும் பிணைநீரும்

ஏற்காட்டைப் போன்ற மழை மிகுந்த மலையில் தாதுவின் ஈரம் நாள்தோறும் மாறும். ஈரத்தை அளக்கும் நியூட்ரான் கருவி, நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்கும் ஹைட்ரஜனையே உண்மையில் அளக்கிறது. கிப்சைட்டின் பிணைநீரிலும் ஹைட்ரஜன் இருப்பதால், உலர்ந்த உயர்தரத் தாது இக்கருவிக்கு ஈரக் களிமண்போல் தோன்றக்கூடும். இதே காரணத்தால், கிளர்வுப் பகுப்பாய்விலும் மழைக்கால அளவீட்டைக் கோடைக்கால அளவுத்திருத்தத்தைக் கொண்டு படித்தல் ஆகாது.

இயற்கைக் காமாக்கதிர்

புறக்கதிர் மூலமே வேண்டாத முறையும் உண்டு. பொட்டாசியம்-40 உமிழும் 1.46, தோரியத் தொடர் உமிழும் 2.61 மெகா எலக்ட்ரான் வோல்ட் காமாக்கதிர்களைத் துளைகளில் அளக்கலாம். பாறை சிதையும்போது பொட்டாசியம் நீங்குகிறது; தோரியம் எஞ்சுகிறது. ஆகவே இவற்றின் விகிதம் சிதைவு எவ்வளவு முற்றியுள்ளது என்பதற்கு ஓர் அடையாளம்.

எனினும் சார்னோகைட் போன்று உயர் உருமாற்றத்திற்கு உட்பட்ட பாறைகள் பொதுவாகவே தோரியமும் யுரேனியமும் குறைந்தவை. குறிப்பு வலுவற்றதாயின் எண்ணும் நேரம் நீள வேண்டும். நூறு துடிப்புகளை எண்ணினால் புள்ளியியல் பிழை பத்து விழுக்காடு. பத்தாயிரம் எண்ணினால்தான் அது ஒரு விழுக்காடாகக் குறையும். மேலும் இம்முறை கிப்சைட்டையோ கயோலினைட்டையோ நேரடியாகக் காட்டுவதில்லை; எந்த ஆழத்தில் மாற்றம் நிகழ்கிறது என்பதை மட்டும் சுட்டும்.

எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு

இதுவரை கண்டவை யாவும் தனிமங்களையே கண்டன. அணுக்கள் படிகத்தில் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்பதைக் காண்பது எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு. கிப்சைட்டின் முதன்மை அடுக்கிடைத் தொலைவு 4.85 ஆங்சுட்ராம், கயோலினைட்டினுடையது 7.15, குவார்ட்சின் முதன்மை வரி 3.34. இரண்டாம் மாதிரியில் 7.15இல் ஒரு முகடு எழும். மூன்றாவதில் அது இராது. தனிம அளவீடுகள் யாவும் கைவிட்ட இடத்தில் இந்த ஒரு வரி விடை தருகிறது.

இதற்கும் வரம்புகள் உண்டு. செம்புக் குழாயின் எக்ஸ் கதிர் இரும்பை ஒளிரச் செய்து பின்புலத்தை உயர்த்துவதால், இரும்பு மிகுந்த தாதுவுக்குக் கோபால்ட்டுக் குழாய் ஏற்றது. கயோலினைட்டின் தட்டைத் துகள்கள் ஒரே பக்கமாகப் படிந்தால் முகடு மிகைப்படும். கோதைட் என்னும் இரும்புக் கனிமத்தில் இரும்பின் இடத்தில் அமர்ந்திருக்கும் அலுமினியம் குறைந்த வெப்பநிலையில் எரிசோடாவில் கரையாது. அதனை வரிகளின் சிறு நகர்வைக் கொண்டே ஊகிக்க வேண்டும்.

ஆகவே முறைகளை இணைப்பதே வழி. தனிம அளவீட்டிலிருந்து மொத்த அலுமினாவும் சிலிக்காவும் கிடைக்கும். சிலிக்காவில் கயோலினைட்டுக்குரிய பங்கை விளிம்பு விளைவு காட்டும். அப்பங்கின் ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் 0.85 விழுக்காடு அலுமினாவைக் கழித்தால் எடுக்கத்தக்க அலுமினா கிடைக்கும். இரண்டாம் மாதிரியில் 9.3ஐ 0.85ஆல் பெருக்கி 45.8இலிருந்து கழித்தால் 37.9 வருவதைக் காணலாம். இக்கணக்கைச் சிறு அளவு எரிசோடாக் கரைப்புச் சோதனையால் அவ்வப்போது சரிபார்ப்பது தேவை.

பாதுகாப்பும் பொறுப்பும்

நியூட்ரானுக்கு உட்பட்ட தாது நிலையாகக் கதிரியக்கம் கொண்டதாகிவிடுமோ என்னும் ஐயம் எழுவது இயல்பு. பத்து அரை ஆயுட்காலங்களில், அதாவது 22.4 நிமிடங்களில், அலுமினியம்-28 ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மாங்கனீசு சிறிதளவு இருப்பின் 2.58 மணி நேர அரை ஆயுட்காலம் கொண்ட மாங்கனீசு-56 உருவாகும். அதுவும் ஓரிரு நாளில் மறையும். எக்ஸ் கதிர் முறைகளில் தாது கதிரியக்கம் பெறுவதே இல்லை.

உண்மையான ஆபத்து தாதுவில் இல்லை, மூலத்தில் உள்ளது. கலிபோர்னியம்-252இன் அரை ஆயுட்காலம் 2.6 ஆண்டு, அமெரிசியம்-241இனுடையது 432 ஆண்டு. ஒரு சுரங்கத்தின் ஆயுளைவிட அதில் பயன்பட்ட மூலத்தின் ஆயுள் நீண்டதாக இருக்கலாம். இந்தியாவில் 1983இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமமும், 2004ஆம் ஆண்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளும் இத்தகைய மூலங்களைக் கட்டுப்படுத்துகின்றன. 2010இல் தில்லி மாயாபுரியின் பழைய இரும்புச் சந்தைக்குச் சென்ற கோபால்ட்-60 மூலத்தால் ஒருவர் உயிரிழந்தார். அது கைவிடப்பட்ட ஓர் ஆய்வகக் கருவியிலிருந்து வந்தது. சுரங்கம் மூடப்படும் நாளில் மூலம் யாரிடம், எவ்வாறு ஒப்படைக்கப்படும் என்பது அதனை வாங்கும் நாளிலேயே தீர்மானிக்கப்பட வேண்டும். மின்னிணைப்பைத் துண்டித்தால் கதிர் நின்றுவிடும் எக்ஸ் கதிர்க் குழாய்களுக்கு இவ்வகையில் முதன்மை தரலாம்.

முடிவுரை

கதிரியல் நுட்பங்கள் தாதுவின் தரத்தை விரைவாகவும், உடைக்காமலும், பெரும் அளவிலும் அறிய உதவுகின்றன. ஆனால் ஒவ்வொன்றும் தனக்கெனக் கேட்கப்பட்ட கேள்விக்கு மட்டுமே விடை சொல்கிறது. எக்ஸ் கதிர் ஒளிர்வு மேற்பரப்பின் தனிமத்தையும், நியூட்ரான் முறைகள் பாரத்தின் உட்புறத் தனிமத்தையும், இயற்கைக் காமாக்கதிர் சிதைவின் எல்லையையும், விளிம்பு விளைவு கனிமத்தையும் காட்டுகின்றன. சிலிக்கானே அலுமினியமாகத் தோற்றமளிப்பதும், இரும்பு அலுமினியத்தை மறைப்பதும், பிணைநீர் ஈரமாகத் தோன்றுவதும் கருவியின் கோளாறுகள் அல்ல. அவை இயற்பியலின் இயல்புகள். அவற்றை அறிந்து பயன்படுத்துவோர்க்கே கருவியின் எண் பொருளுடையதாகும்.

சேர்வராயன் மலையின் பாக்சைட் அடுக்கு மழை பல ஊழிகளாக உருவாக்கியது. அதனை வெட்டுவதா, விட்டுவைப்பதா என்பது சமூகமும் சட்டமும் தீர்மானிக்க வேண்டிய ஒன்று. அத்தீர்மானத்திற்கு முன்வைக்கப்படும் இருப்புக் கணக்கு, மொத்த அலுமினாவின் கணக்காக மட்டும் இருத்தல் போதாது. எடுக்கத்தக்க அலுமினாவின் கணக்காக இருத்தல் வேண்டும். தனிமத்தை எண்ணிக் கனிமத்தை மறந்த கணக்கு, களிமண்ணுக்காக ஒரு மலையை விலை பேசக்கூடும்.